ஒரு ரம்மி ஆப்பும் என் தம்பியின் 15 மாதக் கணக்கும்

பணம் வைத்து ரம்மி ஆடும் இந்த ஆப்பில் நான் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆடியவன் என் தம்பி. ஆனால் 2024 ஏப்ரலிலிருந்து 2025 ஜூன் வரை அவன் போட்டது, எடுத்தது எல்லாவற்றையும் தேதி, நேரத்தோடு வரி வரியாகப் பார்த்தவள் நான். திருப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்கிறேன். பனியன் கம்பெனிகளின் ஜிஎஸ்டி கணக்குதான் என் அன்றாடம். அந்தப் பழக்கத்தில் பார்த்ததை எழுதுகிறேன். தம்பியிடம் படித்துக் காட்டி, அவன் சரி என்ற பிறகுதான் இதைப் போடுகிறேன்.

ஐந்துக்கு ஒரு ஸ்டார். அந்த ஒன்று எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். ஆப்பின் பெயரை எழுதவில்லை. அவன் போனில் இன்னும் இரண்டு ரம்மி ஆப் இருந்தன. திறந்து பார்த்தேன், நிறம்தான் வேறு.

எனக்கு விஷயம் தெரிந்ததே வருமான வரிக் கணக்கில்தான். தம்பி கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் முடித்திருந்தான். படித்துக்கொண்டே ஒரு கம்பெனிக்கு வெப்சைட் வேலை செய்து கொடுத்தான். வருஷத்துக்கு 33,000 ரூபாய், அதில் 3,300 வரி பிடித்திருந்தார்கள். "அக்கா, அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கித் தா" என்று அவனே பான் நம்பரும் பாஸ்வேர்டும் கொடுத்தான். ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து உட்கார்ந்து, யார் எவ்வளவு வரி பிடித்தார்கள் என்று காட்டும் அவன் 26 ஏஎஸ் படிவத்தைத் திறந்தேன். ஒரு வரிதான் இருக்கும் என்று நினைத்தேன், இரண்டு இருந்தன. முதலாவது வெப்சைட் வேலை. இரண்டாவதில் பிரிவு 194பிஏ, வரி 540 ரூபாய்.

194பிஏ என்றால் ஆன்லைன் விளையாட்டில் ஜெயித்த பணத்தில் பிடிக்கும் வரி. 2023 ஏப்ரலில் வந்தது, 30 சதவீதம். 540 பிடித்திருந்தால் அவன் நிகரமாக 1,800 ரூபாய் ஜெயித்திருக்க வேண்டும். அந்தத் தொகை பெரிதில்லை. ஆனால் தேதி 2024 மே. அதற்குப் பிறகு ஒரு வருஷம் முழுக்க ஒரு பதிவும் இல்லை. அந்த வெற்று இடம்தான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒன்று அவன் நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கப்புறம் ஒருமுறைகூட போட்டதைவிட அதிகமாக எடுக்கவில்லை.

"இது என்னடா?" என்று கேட்டேன். அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. "சும்மா ஒருவாட்டி ஆடினேங்க்கா" என்றான். அப்புறம் எழுந்து மாடிக்குப் போய்விட்டான். ராத்திரி பத்து மணிக்கு அவனே இறங்கி வந்து போனை என் கையில் கொடுத்தான்.

ஆப்பில் ஒரு விஷயம் ஒழுங்காக இருந்தது. பரிவர்த்தனைக் கணக்கு முழுசாக டவுன்லோடு ஆனது, நேரத்தோடு. அந்த ஒரு ஸ்டார் அதற்குத்தான். அது இல்லாமல் போயிருந்தால் அவனுக்கே எவ்வளவு போயிற்று என்று தெரிந்திருக்காது. அவன் மனசில் வைத்திருந்த கணக்கு "ஒரு அறுபதாயிரம் இருக்கும்". கணக்கில் இருந்தது வேறு. 641 முறை பணம் போட்டிருக்கிறான், மொத்தம் 2,31,700. 38 முறை எடுத்திருக்கிறான், மொத்தம் 74,350. போனது 1,57,350 ரூபாய்.

எங்கள் அப்பா கட்டிங் மாஸ்டர். சனிக்கிழமை சம்பளம். ஐந்தாவது செமஸ்டருக்கு அவர் அனுப்பிய 42,500 அந்தப் பட்டியலில் இருந்தது. ஒரே நாளில் இல்லை, பதினோரு நாளில், ஐநூறும் ஆயிரமுமாக.

இனி ஆப்பைப் பற்றி, பண மேஜைகள் ஓடியபோது இருந்தபடி. பணம் போடுவது பத்து வினாடி வேலை. பச்சைப் பட்டன், எந்தப் பக்கம் போனாலும் மேலே வலது மூலையில் கூடவே வருகிறது. 100, 200, 500 என்று தொகை முன்கூட்டியே எழுதியிருக்கும், யுபிஐ பின் போட்டால் போதும். 100 ரூபாய் போட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள், இது என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் சொல்கிறேன். அப்போது, 2023 அக்டோபரிலிருந்து, போடும் பணத்துக்கு 28 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது. ஆகவே நூறில் 78 ரூபாய் 13 காசுதான் ஆட வரும், மீதி 21 ரூபாய் 87 காசு வரி. ஆனால் ஆப் அதே 21.87ஐ போனஸ் என்று திருப்பி ஏற்றிவிடும். திரையில் நூறு போட்டால் நூறு இருக்கும். அந்த போனஸை ரொக்கமாக எடுக்க முடியாது, ஆடத்தான் முடியும். தம்பி போட்ட 2,31,700க்கு வரி மட்டும் 50,684 ரூபாய். கணக்குப் போட்டுக் காட்டினபோது, "அது கட் ஆகுதுன்னே எனக்குத் தெரியாதுங்க்கா" என்றான். இன்ஜினியரிங் படிக்கிற பையன், கணக்கில் நூறுக்கு நூறு வாங்கினவன்.

மேஜையில் கமிஷன் தனி. தோற்றவன் விட்டதில் நூற்றுக்குப் பன்னிரண்டு ரூபாய் ஆப்புக்கு, மீதி ஜெயித்தவனுக்கு. ஒரே அறையில் இருக்கும் இரண்டு பையன்கள், சம திறமைசாலிகள், ஆளுக்கு ஆயிரம் ரூபாயோடு எதிரெதிரே ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கைக்கு சராசரி 40 ரூபாய் கை மாறினால், ஆப் எடுப்பது 4 ரூபாய் 80 காசு. நூறு கை ஆடி முடித்தால் 480 ரூபாய் காணாமல் போயிருக்கும். இரண்டு பேரில் யாரும் மோசமாக ஆடவில்லை, ஆனாலும் இரண்டாயிரம் 1,520 ஆகிவிட்டது. மறுநாளும் ஆடினால் இன்னும் 480. ரம்மி திறமை விளையாட்டு என்று நீதிமன்றங்கள் சொன்னது எனக்குத் தெரியும். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டப் பட்டியலிலிருந்து ரம்மியையும் போக்கரையும் விலக்கியது. திறமை இருக்கிறது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன், என் பெரியப்பாவைப் பார்த்திருக்கிறேன். ஆனால் திறமை உள்ள இரண்டு பேரும் சேர்ந்து தோற்கிற மாதிரிதான் இந்த மேஜையைப் போட்டிருக்கிறார்கள்.

பெரியப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் கல்யாண வீடானாலும் எழவு வீடானாலும் ராத்திரி முழிக்க பெரியவர்கள் சீட்டுக்கட்டைப் பிரிப்பார்கள். பாய் விரித்து ஆறு பேர், பாயிண்ட்டுக்குப் பத்துப் பைசா. தம்பிக்கு ஏழு வயசிலேயே பெரியப்பா பதின்மூன்று சீட்டையும் விசிறி மாதிரி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். அவர் முதலில் சொல்லிக் கொடுத்தது ஒரிஜினல் (ஜோக்கர் சேராத வரிசை) எப்படிச் சேர்ப்பது என்பதில்லை, எப்போது ஸ்கூட் விடுவது, அதாவது கையைக் கவிழ்த்துவிட்டு விலகுவது என்பதைத்தான். ஜோக்கர் இல்லை, ஒரிஜினலுக்கு வழி இல்லை என்றால் முதல் சீட்டு எடுக்கும் முன்னே இருபது பாயிண்ட் நஷ்டத்தோடு கவிழ்த்துவிட வேண்டும். வீம்புக்கு ஆடித் தோற்றால் எண்பது வரை போகும். "கை வரலைன்னா கம்முனு ஸ்கூட் விட்டுட்டு டீ குடிக்கப் போ சாமி" என்பார். நிஜமாகவே போவார். பந்தலுக்கு வெளியே நின்று பேசிவிட்டு அரை மணி கழித்துத்தான் திரும்ப வந்து உட்காருவார். நாலு மணிக்கு சமையல்காரர் அடுப்பு பற்ற வைத்தால் ஆட்டம் தானாக முடிந்துவிடும்.

ஆப்பிலும் ஸ்கூட் உண்டு, டிராப் என்று பட்டன் இருக்கிறது. அழுத்தினேன், தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பணம் இல்லாத பயிற்சி மேஜையில். அடுத்த கை வருவதற்குள் நான் எண்ணியது ஐந்து வினாடி. டீ குடிக்கப் போகிற அந்த அரை மணி எங்கும் இல்லை. தம்பி நன்றாக ஆடுகிறவன், இன்றைக்கும் சொல்வேன். அவன் ஒவ்வொரு கையிலும் சரியாகத்தான் ஸ்கூட் விட்டிருக்கிறான். மேஜையை விட்டு எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

கணக்கில் ஒரு ராத்திரியை மட்டும் காட்டுகிறேன். 2025 ஜனவரி, ஒரு வியாழக்கிழமை. 10:14க்கு 200 ரூபாய். 10:31க்கு 200. 10:40க்கு 500. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, ஜெயித்துக்கொண்டிருக்கிறான். 11:40க்கு 8,000 எடுக்கக் கோரிக்கை கொடுக்கிறான். ரூம்மேட்டுக்குத் தர வேண்டிய கடன் அது, அந்த நேரத்தில் தீர்த்துவிடலாம் என்றுதான் இருந்தானாம். எடுக்கும் பணம் உடனே வங்கிக்கு வராது, "பரிசீலனையில்" என்று காட்டும். அதற்குக் கீழே ஒரு பட்டன்: ரத்து செய்து மீண்டும் ஆடுக. 11:52க்கு ரத்து. 1:15க்கு இருப்பு பூஜ்யம். 1:17க்கு 500, 1:29க்கு 1,000, 1:33க்கு 1,000. விட்டதைப் பிடிக்கிறது என்று சொல்வோமே, அது எப்படி இருக்கும் என்று நான் அந்தக் கணக்கின் நேரங்களில் பார்த்தேன். தொகை ஏறிக்கொண்டே போகும், இடைவெளி குறைந்துகொண்டே வரும். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவனுக்கு இன்டர்னல் தேர்வு.

பணத்தை உள்ளே போடும்போது பத்து வினாடியில் நடப்பது, வெளியே எடுக்கும்போது மட்டும் ஏன் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்? என் வேலையில் தினம் நூறு பணப்பரிமாற்றம் பார்க்கிறேன். எதிர்ப்பக்கம் அனுப்ப விரும்பினால் அதே வேகத்தில் அனுப்ப முடியும்.

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு புது ஒழுங்குமுறை கொண்டுவந்தது. பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு ராத்திரி 12லிருந்து காலை 5 வரை லாகின் கிடையாது, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம், ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஆடினால் அரை மணிக்கொரு முறை எச்சரிக்கை. தம்பி கணக்கில் அது நன்றாகவே தெரிகிறது. மார்ச்சிலிருந்து நடுராத்திரி வரிகள் காணவில்லை, மாதத்துக்குப் போகும் தொகையும் குறைந்திருக்கிறது. அதனால் அந்த விதியை நான் நல்லது என்றே சொல்வேன், நிறுவனங்கள் அதை எதிர்த்து வழக்குப் போட்டு 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் விதியை உறுதி செய்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் அதே கணக்கில் ஏப்ரல் மாதம் ஒரு வரி இருக்கிறது: காலை 5:02, 500 ரூபாய். அலாரம் வைத்து எழுந்தானா என்று கேட்டேன். "தூங்கவே இல்லக்கா" என்றான்.

வரம்பு வைக்கும் வசதியையும் சோதித்தேன். "பொறுப்பான விளையாட்டு" பக்கம் மெனுவில் கடைசிக்கு முந்தின வரி. ஆப் முழுக்கத் தமிழில் வைத்திருந்தோம், பணம் போடும் பக்கம், ஆஃபர், மேஜை எல்லாமே நல்ல தமிழ். இந்தப் பக்கம் மட்டும் ஆங்கிலம். வங்கி ஆப்பில் யுபிஐ தினசரி வரம்பை 500க்கு இறக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. இங்கே வரம்பை ஏற்றுவதற்குப் பட்டன் இருக்கிறது, இறக்குவதற்கு கஸ்டமர் கேருக்கு எழுதச் சொல்கிறது. தம்பி 2024 நவம்பரில் தானாகவே முப்பது நாள் தடை வாங்கியிருக்கிறான். எங்கள் யாருக்கும் தெரியாமல், அவன் தனியாக எடுத்த முயற்சி. அந்த முப்பது நாளும் கணக்கில் சுத்தமாக இருக்கிறது. முப்பத்தொன்றாம் நாள் காலை மெசேஜ் வந்தது, 500 ரூபாய் போனஸ் காத்திருக்கிறது என்று. அந்த மெசேஜை அவன் அழிக்கவில்லை. எனக்குக் காட்டும்போது மட்டும் அவன் குரல் உடைந்தது.

கஸ்டமர் சர்வீஸ் பற்றி. ஜூன் கடைசியில் போன் என்னிடம் இருந்தபோது ஒரு கால் வந்தது. பெண் குரல், சுத்தமான தமிழ், என் வயசுதான் இருக்கும்.

"வணக்கம் சார், பத்து நாளா நம்ம டேபிளுக்கு வரலையே, ஏதாவது பிரச்சினைங்களா?"

"நான் அவனோட அக்கா பேசறேங்க. அவனுக்கு இருபது வயசு, காலேஜ் பையன். ஃபீஸ் பணத்தை எல்லாம் இதுல விட்டுட்டான்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "மேடம், சார் எங்க பிரீமியம் மெம்பர். அவர்கிட்டயே பேசினா நல்லா இருக்கும்" என்றார்.

"உங்களுக்குத் தம்பி இருக்கானா?" என்று கேட்டேன். லைன் கட் ஆகிவிட்டது. அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கும் டார்கெட் இருக்கும். ஆனால் மாதம் மூவாயிரம் கைச்செலவுக்கு வாங்கும் பையனை, பதினைந்தாயிரம் விட்ட மாதத்தில் பிரீமியம் மெம்பர் ஆக்கி, அதற்கு ஒரு ஆளையும் போட்டு "சார்" என்று கூப்பிட வைத்தார்களே, அதை என்னால் மன்னிக்க முடியாது.

நண்பனைச் சேர்த்தால் போனஸ் என்று ஒரு வசதி. ஹாஸ்டலுக்குள் இது எப்படிப் போகிறது என்றால் இப்படித்தான். தம்பியை சேர்த்தவன் சீனியர், தம்பி சேர்த்தவர்கள் ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் இவனிடமே கடன் வாங்கி ஆடியிருக்கிறார்கள், இவன் வேறு மூன்று பேரிடம் வாங்கியிருக்கிறான். ஒரு தளத்தில் பன்னிரண்டு அறை, யார் யாருக்குத் தர வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான். அதற்கு மேல் உடனடிக் கடன் ஆப். 4,000 கேட்டால் கைக்கு 2,600, ஏழு நாளில் 4,000 கட்ட வேண்டும். போன் நம்பர் பட்டியலை முதலிலேயே எடுத்துக்கொள்வார்கள். அப்பாவுக்கு போன் போட்டுவிடுவோம் என்ற மிரட்டலுக்குப் பயந்துதான், அவன் பிறந்தநாளுக்கு அம்மா போட்ட அரைப் பவுன் மோதிரம் அடகுக்குப் போனது.

2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. 20ஆம் தேதி மக்களவை, 21 மாநிலங்களவை, 22 குடியரசுத் தலைவர் ஒப்புதல். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் திறமையோ அதிர்ஷ்டமோ எல்லாமே தடை. நடத்துகிறவர்களுக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுகிறவர்களுக்குத் தண்டனை கிடையாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தம்பியின் நண்பர்களில் இரண்டு பேர் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வீட்டில் சொல்லாமலே இருந்தார்கள். அந்த வாரமே ஆப்பில் பண மேஜைகளை நிறுத்திவிட்டார்கள். வாலட்டில் கிடந்த 212 ரூபாய் மூன்று நாளில் வங்கிக்கு வந்தது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். செப்டம்பரில் தம்பிக்கு டெலிகிராமில் ஒரு லிங்க் வந்தது. வெளிநாட்டுத் தளம், ப்ளே ஸ்டோரில் இருக்காது, தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும், அடுத்து எந்தக் கலர் வரும் என்று சொல்லிப் பணம் கட்டும் ஆட்டம். பணம் யாரோ தனி ஆளின் யுபிஐக்குப் போகிறது. இதில் ரசீதும் இல்லை, வரியும் இல்லை, 26 ஏஎஸ்ஸில் ஒரு வரிகூட வராது. நான் கண்டுபிடித்த வழி இனி யாருக்கும் உதவாது. ஹாஸ்டலில் பிள்ளை இருக்கிறவர்கள் வங்கி ஸ்டேட்மெண்ட்டைத்தான் பார்க்க வேண்டும்: பெயர் தெரியாத ஆட்களுக்கு, ராத்திரியில், அடுத்தடுத்துப் போகும் நூறும் ஐநூறும். பார்த்ததும் கத்தாதீர்கள். நானும் முதல் ராத்திரி கத்தினேன், அதனால் அவன் கடன் ஆப் விஷயத்தைச் சொல்ல இன்னும் ஒரு வாரம் ஆனது.

எங்களுக்கு உதவியதையும் சொல்லிவிடுகிறேன். 14416, டெலி மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண். இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தம்பி மாடியில் நின்று பேசினான், இருபத்தைந்து நிமிஷம். அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். ஓபி சீட்டு வாங்கி ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் எவ்வளவு விட்டாய் என்று கேட்கவே இல்லை. "கடைசியா எப்போ நல்லா தூங்கினே?" என்று கேட்டார். சூதாட்டக் கோளாறு உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது என்று அப்பாவிடமும் அவரே சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் அப்பா தம்பியோடு பேச ஆரம்பித்தார். அதுவரை ஒன்பது நாள், ஒரே வீட்டில், ஒரு வார்த்தை இல்லை. இப்போது மாதம் ஒருமுறை போகிறான். யுபிஐ வரம்பு ஒரு நாளைக்கு 500. ஃபீஸை அப்பா கல்லூரிக் கணக்குக்கே நேராகக் கட்டுகிறார்.

அந்த வரிக் கணக்கை நான் தாக்கல் செய்தேன். வருஷத்துக்கு நிகரமாக நஷ்டம் என்பதால் மே மாதம் பிடித்த 540ஐயும் சேர்த்துத் திரும்பக் கேட்டேன். அக்டோபரில் வட்டியோடு 3,950 சொச்சம் அவன் கணக்குக்கு வந்தது. எனக்கு மெசேஜ் வரும் முன்னே அவனே போன் செய்தான்.

"அக்கா, பணம் வந்திருச்சு. ரூம்மேட்டுக்கு அனுப்பிட்டேன். இன்னும் நாலாயிரம் தரணும் அவனுக்கு."

நோட்டில் அந்தப் பெயருக்கு நேராக எழுதிவிட்டாயா என்று கேட்டேன். போட்டோ எடுத்து அனுப்பினான். 8,000 என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் 4,050 என்று எழுதியிருந்தான்.